விழுங்க முடியாதவர்க்கு உணவூட்டல்

உண்பது எளிய செயல் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மாதுங்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு இட்லியை வாயில் போட்டுக்கொண்டு, இரயிலைப் பிடிக்க ஓடும் நமக்கு, விழுங்குதல் ஒரு வேலையாகவே தோன்றுவதில்லை. கை எடுத்தது, வாய் மென்றது, வயிறு நிறைந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிறு செயல் ஒருநாள் நின்றுபோனால் என்ன ஆகும்? சோறு இருக்கிறது, பசி இருக்கிறது, ஊட்டுவதற்கு அன்புள்ள கையும் இருக்கிறது. விழுங்க மட்டும் இயலவில்லை. இந்நிலையில் மருத்துவ விஞ்ஞானம் கண்ட வழி ஒன்றைப் பற்றியே இக்கட்டுரையில் காண்போம்.

நான் மருத்துவ மாணவன் அல்லேன், பௌதிகம் பயில்பவன். இப்பொருளை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் என் பெரியப்பா. திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளம் வயதில் தாராவிக்கு வந்து, தோல் பதனிடும் தொழிலில் நெடுங்காலம் உழைத்தவர். சென்ற ஆண்டு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன, பேச்சுக் குழறிற்று. மருத்துவமனையில் மூக்கு வழியாக ஒரு குழாய் இட்டுப் பாலும் கஞ்சியும் ஊட்டினர். இரண்டு வாரம் கழித்து அக்குழாயோடு வீட்டுக்கு அனுப்பினர். ஓர் இரவு தூக்கக் கலக்கத்தில் அவர் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டார். பொழுது விடிந்தது. வீட்டில் எல்லோரும் தேநீர் குடித்தோம். அவர் எங்கள் டம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. அரை டம்ளர் தேநீரை ஆற்றி, கரண்டி கரண்டியாக அவர் வாயில் விட்டேன். அவர் இருமவில்லை, புன்னகைகூடச் செய்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் அடித்தது, மூச்சு இரைத்தது. நுரையீரல் அழற்சி என்றனர்.

இருமல் வரவில்லையே, பிறகு தேநீர் எப்படி நுரையீரலுக்குப் போயிற்று? இக்கேள்விக்கு விடை தேடியே நூலகத்துக்குச் சென்றேன்.

விழுங்கும்போது நிகழ்வது என்ன?

நம் தொண்டை ஒரு நாற்சந்தி. மேலே மூக்கு, முன்னே வாய், கீழே முன்புறம் மூச்சுக்குழல், பின்புறம் உணவுக்குழல். காற்றும் சோறும் ஒரே இடத்தைக் கடந்துதான் தத்தம் வழியே பிரிய வேண்டும். தாதர் சந்திப்பில் இரண்டு வண்டிகள் ஒரே தண்டவாளத்தைக் கடக்க வேண்டுமாயின் ஒன்றுக்குக் கைகாட்டி விழுந்து மற்றொன்று நிற்க வேண்டும் அல்லவா? அதுபோலவே இங்கும்.

கவளம் நாவின் பின்புறம் சேர்ந்ததும் மென்மையான அண்ணம் எழுந்து மூக்கின் வழியை அடைக்கிறது. குரல்வளை மேலே ஏறுகிறது; நம் தொண்டையில் விரலை வைத்து விழுங்கினால் இதை நாமே உணரலாம். குரல்வளை மூடி சாய்கிறது. குரல்நாண்கள் ஒன்றோடொன்று நெருங்கி மூச்சுக்குழலை மூடுகின்றன. மூச்சு ஒரு கணம் நிற்கிறது. அதே கணத்தில் உணவுக்குழலின் மேல்வாய் திறக்கிறது. இவை அனைத்தும் ஏறத்தாழ ஒரு வினாடிக்குள் நடந்து முடிகின்றன. இதில் பங்குகொள்ளும் தசைகள் இருபதுக்கும் மேல். அவற்றை ஒழுங்குபடுத்துவது மூளையின் அடித்தண்டு.

பக்கவாதத்தால் இந்த ஒழுங்கு குலைகிறது. பக்கவாதம் கண்டவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர்க்குத் தொடக்க நாட்களில் விழுங்கல் பழுதுபடுகிறது. அவர்களுள் பலர்க்குச் சில வாரங்களில் அது தானே திரும்புகிறது. சிலர்க்குத் திரும்புவதில்லை.

இங்கு இரண்டு உண்மைகளை நாம் மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, கெட்டிக் கஞ்சியைவிடத் தண்ணீரே ஆபத்தானது. தண்ணீர் விரைந்து ஓடும். குரல்வளை மூடுமுன்னரே அது வந்து சேர்ந்துவிடும். ‘ஒரு வாய் தண்ணீர்தானே’ என்று நாம் நினைப்பது தவறு. இரண்டாவது, தொண்டையின் உணர்ச்சியும் மழுங்கியிருந்தால், நீர் மூச்சுக்குழலில் இறங்கினாலும் இருமல் எழாது. வாசலில் நாய் குரைக்கவில்லை என்பதால் திருடன் வரவில்லை என்று சொல்ல முடியுமா? என் பெரியப்பா இருமாததை நான் நல்ல அறிகுறியாகக் கொண்டேன். அதுவே என் பிழை.

மூக்குக் குழாயும் அதன் எல்லையும்

மூக்கு வழியே இரைப்பைக்குச் செல்லும் குழாயை நம் மருத்துவமனைகளில் ‘ரைல்ஸ் டியூப்’ என்பர். ஜான் ஆல்ஃப்ரட் ரைல் என்ற ஆங்கில மருத்துவர் 1921இல் இதனை வகுத்தார். செவிலியர் ஒருவரே படுக்கையருகில் நின்று சில நிமிடங்களில் இதை இட்டுவிடலாம். கத்தி வேண்டா, மயக்கமருந்து வேண்டா. அவசரக் காலத்துக்கு இதைவிட நல்ல துணை இல்லை.

இம்மும்பையில் இக்குழாயை நினைக்கும்போது அருணா ஷான்பாக் அவர்களை நினையாமலிருக்க இயலாது. பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றிய அவர், 1973 நவம்பர் 27ஆம் நாள் அங்கேயே ஒரு கொடியவனால் தாக்கப்பட்டார். கழுத்து நெரிக்கப்பட்டதால் மூளைக்கு உயிர்வளி தடைப்பட்டு, மீளாத நிலையில் வீழ்ந்தார். அன்று முதல் 42 ஆண்டுகள் அம்மருத்துவமனைச் செவிலியர் அவரைக் காத்தனர். மசித்த உணவைக் கையாலேயே ஊட்டி வந்தனர். 2010இல் மலேரியா கண்டு வாய்வழி உண்பது குறைந்தபோதுதான் மூக்குக் குழாயை நாடினர். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்த வேண்டும் என்று கோரி உச்ச நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கு 2011 மார்ச் 7ஆம் நாள் தள்ளுபடியாயிற்று. அவரைப் பேணிய செவிலியர் அவர் வாழ வேண்டும் என்றே நின்றனர். 2015 மே 18ஆம் நாள் நுரையீரல் அழற்சியால் அவர் மறைந்தார். உணவூட்டல் என்பது வெறும் மருத்துவ வினை அன்று, அன்பும் அறமும் சட்டமும் சந்திக்கும் இடம் என்பதை இந்நகரம் அவர் வாயிலாகவே கற்றது எனலாம்.

மூக்குக் குழாய்க்குக் குறைகளும் உண்டு. மூக்கும் தொண்டையும் புண்படும், நோயாளி அறியாமல் பிடுங்கிவிடுவார், மெல்லியதாகையால் அடைத்துக்கொள்ளும். ஆதலால் நான்கு வாரங்களுக்கு மேல் குழாயுணவு தேவைப்படும் என்று தோன்றினால் வேறு வழியைக் கருத வேண்டும் என்பது மருத்துவர் கொள்கை. அந்த வேறு வழியே இரைப்பைக்கு நேரே இடும் குழாய்.

ஒரு துப்பாக்கிக் காயம் கற்பித்த பாடம்

இரைப்பையில் துளை இருந்தும் மனிதன் வாழ முடியுமா? 1822ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் மேக்கினா தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞன் வயிற்றில் தற்செயலாகத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. வில்லியம் போமான்ட் என்ற இராணுவ மருத்துவர் சிகிச்சை செய்தார். காயம் ஆறிற்று, துளை மட்டும் மூடவில்லை. இரைப்பையின் விளிம்பு வயிற்றுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிலையான ஒரு வாயிலாயிற்று. பட்டு நூலில் உணவைக் கட்டி அதன் வழியே இறக்கி, எடுத்து, செரிமானம் எவ்வாறு நடைபெறுகிறது என்று போமான்ட் ஆராய்ந்தார். 1833இல் நூலாக வெளியிட்டார். அந்த மனிதனோ 1880 வரை வாழ்ந்தான்.

இதன் உட்பொருள் யாது? இரைப்பையும் வயிற்றுச் சுவரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் துளையால் தீங்கில்லை. ஒட்டாமல் விலகினால், இரைப்பையிலுள்ளது வயிற்றறைக்குள் சிந்தி உயிரைக் குடிக்கும். 1849இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் செடியோ அறுவையால் இத்துளையை அமைத்தார், நோயாளி பிழைக்கவில்லை. 1870களில்தான் பிழைத்தோர் தோன்றினர். பின்னர் முறை செம்மையுற்றபோதிலும், வயிற்றைக் கீறி, முழு மயக்கம் கொடுத்தே செய்ய வேண்டியிருந்தது. ஏற்கெனவே மெலிந்து கிடக்கும் நோயாளிக்கு அது பெருஞ்சுமை.

ஒளி காட்டிய வழி

இங்கேதான் பௌதிகம் கைகொடுத்தது. கண்ணாடி இழையின் உள்ளே செல்லும் ஒளி, அதன் சுவரில் சாய்வாகப் படும்போது வெளியேறாமல் முழுவதும் உள்ளேயே திருப்பப்படுகிறது. இதனை முழு அகப் பிரதிபலிப்பு என்று இண்டர்மீடியட் வகுப்பிலேயே நம் மூத்தோர் படித்தனர். இழை வளைந்தால் ஒளியும் அதனோடு வளைந்து செல்லும். இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹெரால்டு ஹாப்கின்ஸ் என்ற ஆசிரியரும், பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி என்ற மாணவரும், இத்தகைய இழைக் கற்றை வழியே உருவத்தையே கொண்டுசெல்லலாம் என்று 1954இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். அதனைக் கற்ற பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற மருத்துவர், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் தம் தோழர்களுடன் வளையும் உள்நோக்குக் கருவியை அமைத்து, 1957இல் முதலில் தாமே அதனை விழுங்கிப் பார்த்தார். இதன் வழிவந்ததே இன்று எண்டாஸ்கோப் என்று நாம் கூறும் கருவி. இன்றைய கருவிகளில் உருவத்தைக் கொணர்வது நுனியிலுள்ள நுண்ணிய மின் கேமரா.

இனி, அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகருக்குச் செல்வோம். அங்கே மைக்கேல் காடரர் குழந்தைகட்கான அறுவை மருத்துவர். ஜெஃப்ரி பான்ஸ்கி உள்நோக்குக் கருவியில் வல்லவர். இருட்டறையில் சிறு குழந்தைகளுக்கு உள்நோக்கும்போது, கருவியின் ஒளி வயிற்றுச் சுவரைத் தாண்டி வெளியே மினுங்குவதைக் காடரர் கண்டிருந்தார். எத்தனையோ பேர் பார்த்திருக்கக்கூடிய காட்சி அது. அவர் அதற்குமேல் ஒன்றைச் சிந்தித்தார்: ஒளி வெளியே தெரியும் இடத்தில் இரைப்பையும் வயிற்றுச் சுவரும் நெருங்கியிருக்கின்றன, அங்கே ஊசியைச் செலுத்தினால் நேரே இரைப்பைக்குள் செல்லும், வயிற்றைக் கீற வேண்டிய தேவை என்ன? 1979 ஜூன் 12ஆம் நாள் அவ்விருவரும் ஒரு கைக்குழந்தைக்கு இம்முறையில் குழாயை அமைத்தனர். 1980இல் உலகுக்கு வெளியிட்டனர். இதனையே ஆங்கில முதலெழுத்துகளால் ‘பெக்’ குழாய் என்று மருத்துவர் வழங்குகின்றனர்.

செய்முறை

நோயாளி சில மணி நேரம் பட்டினியாக இருப்பார். இரத்தம் உறைவதில் குறையுண்டா என்று முன்னரே பார்ப்பர். கிருமியைத் தடுக்கும் மருந்து ஒரு முறை ஊசி வழியே தரப்படும். இலேசான உறக்கமருந்து கொடுத்து, உள்நோக்குக் கருவியை வாய்வழியே இரைப்பைக்குள் செலுத்திக் காற்றை ஊதுவர். ஊதிய பலூன் போல இரைப்பை விரிந்து வயிற்றுச் சுவரோடு அணைகிறது. இடையில் கிடக்கும் குடல் விலகுகிறது. அறையின் விளக்கை அணைத்தால் தோலின்மேல் செந்நிற ஒளி தோன்றும். அங்கே விரலால் அழுத்தினால், உள்ளே இரைப்பைச் சுவர் குழிவது திரையில் தெரியும். இடம் இரண்டு சாட்சியங்களால் உறுதியாயிற்று.

மூன்றாவது சாட்சியும் உண்டு. மரத்துப்போகும் மருந்து நிறைந்த ஊசியை, பின்னிழுத்தபடியே உள்ளே செலுத்துவர். ஊசிமுனை இரைப்பைக்குள் தோன்றும் அதே கணத்தில் ஊசிக்குழலில் காற்றுக் குமிழி வர வேண்டும். முனை திரையில் தோன்றுமுன்னரே குமிழி வந்துவிட்டால், இடையில் குடல் அகப்பட்டிருக்கிறது என்று பொருள். உடனே விலக்கி வேறிடம் தேடுவர். எவ்வளவு எளிய சோதனை!

பிறகு தோலில் சிறு கீறல் இட்டு, ஒரு நூலை உள்ளே விடுவர். உள்நோக்குக் கருவியிலுள்ள சுருக்கு அந்த நூலைப் பற்றும். கருவியோடு நூலும் வாய்வழியே வெளியே வரும். வாயிலுள்ள நூல்முனையில் குழாயைக் கட்டி, வயிற்றிலுள்ள முனையை இழுத்தால், குழாய் வாய், தொண்டை, உணவுக்குழல் வழியே இறங்கி, வயிற்றுச் சுவரைத் துளைத்து வெளியே வரும். அதன் பின்முனையிலுள்ள காளான் வடிவத் தடுப்பு இரைப்பையின் உட்சுவரில் வந்து நிற்கும். கிணற்றுக் கயிற்றில் வாளியைக் கட்டி இழுப்பது போன்றதே. வெளியே மற்றொரு தடுப்பு. எல்லாம் முடிய அரைமணிக்கும் குறைவான நேரமே ஆகிறது. சில மணி நேரம் கழித்து உணவூட்டத் தொடங்கலாம்.

இக்குழாயின் நன்மையைக் கணக்காலும் காட்டலாம். குழாய்களைப் ‘பிரெஞ்சு’ என்ற அளவால் அளப்பர். அவ்வெண்ணை மூன்றால் வகுத்தால் வெளிவிட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 24 பிரெஞ்சு என்றால் 8 மில்லிமீட்டர். நீர்மம் குழாயில் ஒரு வினாடிக்கு ஓடும் கன அளவு, மற்றவை மாறாதிருக்க, உட்புற ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்திலும் நீளத்துக்குத் தலைகீழ் விகிதத்திலும் அமையும் என்பது புவாசேய் விதி. ஆரம் இரு மடங்கானால் ஓட்டம் 16 மடங்கு! மூக்குக் குழாய் ஒரு மீட்டருக்கும் மேல் நீண்டு மெலிந்தது. இதுவோ குட்டையானது, அகன்றது. மெலிந்த குழாயில் அடைத்துக்கொள்ளும் கேழ்வரகுக் கஞ்சி இதில் ஏன் இறங்குகிறது என்பது இப்போது விளங்கும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

தாராவியில் ஓரறை வீட்டில் இதனைப் பேண முடியுமா என்று நாங்கள் அஞ்சினோம். முடிகிறது. கட்டிலின் தலைப்பக்கக் கால்களின் கீழ்ச் செங்கல் அடுக்கி உயர்த்தினோம். ஊட்டும்போதும், ஊட்டிய பின் ஒரு மணி நேரமும் அவர் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். காலையில் குழாய்த் தண்ணீர் வந்ததும் கொதிக்கவைத்து ஆற்றி மூடிவைப்போம். மருத்துவமனையில் உணவு வகுப்பவர் எழுதித் தந்தபடி, கஞ்சியும் பருப்பும் பாலும் துணியில் வடிகட்டி, ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி வரை, ஊசிக்குழலை உயர்த்திப் பிடித்து, புவியீர்ப்பே இறக்கும்படி மெல்ல விடுகிறோம். அவசரப்பட்டு அழுத்துவதில்லை. ஊட்டுமுன்னும் பின்னும் வெந்நீர் ஆறியதை 30 மில்லி விட்டுக் குழாயைக் கழுவுகிறோம். மாத்திரைகளைத் தனித்தனியே பொடித்துக் கரைக்கிறோம்; மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளைப் பொடிக்கலாகாது, மாற்று மருந்தைக் கேட்டுப் பெற வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள் மிக இன்றியமையாதன. துளையின் பாதை உறுதிப்படச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் குழாய் கழன்றால் நாமே திரும்பச் செருக முயலக் கூடாது. இரைப்பை விலகியிருக்கலாம், உணவு வயிற்றறைக்குள் போய்விடும். உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். பாதை முதிர்ந்தபின் கழன்றாலும் தாமதம் ஆகாது, சில மணி நேரத்தில் துளை சுருங்கிவிடும். மற்றொன்று, வெளித்தடுப்பை இறுக்கக் கூடாது. இறுக்கினால் உட்காளான் இரைப்பைச் சுவரில் புதைந்துவிடும். சிறிது தளர்வு வேண்டும். துளையைச் சுற்றிச் சிவப்பு, சீழ், வலி தோன்றினால் காட்ட வேண்டும்.

வாயால் உண்ணாவிடினும் வாயை நாள்தோறும் துலக்க வேண்டும் என்பதைப் பலர் அறியார். அழுக்கான வாயிலிருந்து உமிழ்நீர் நுரையீரலில் இறங்கினாலும் அழற்சி வரும். ஆதலின் பெக் குழாய் இட்டதால் நுரையீரல் அழற்சியே வராது என்று எண்ணிவிடலாகாது.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டா?

பக்கவாதம், நரம்புநோய், தலைக்காயம் ஆகியவற்றால் விழுங்க முடியாதவர்க்கும், வாய், தொண்டைப் புற்றுநோயாளர்க்கும் இது பயன்படுகிறது. 1941இல் பரேலில் தொடங்கப்பெற்ற டாடா நினைவு மருத்துவமனைக்கு வாய்ப்புற்றோடு வருவோர் ஏராளம். புகையிலை இதன் முதற் காரணம். மராட்டிய அரசு 2012இல் குட்காவைத் தடைசெய்தது. ஆயினும் நம் தெருமுனைகளில் மாவாவும் புகையிலையும் மெல்லும் இளைஞரைக் காணாத நாள் உண்டா? கதிர்வீச்சால் வாயும் தொண்டையும் புண்ணாகும் காலத்தில் உடல் மெலியாதிருக்கக் குழாய் துணை நிற்கிறது. குழாய் தேவைப்படாமலே காத்துக்கொள்வது அதனினும் நன்று.

எல்லோர்க்கும் இது ஏற்றதன்று. பக்கவாதம் வந்த முதல் இரண்டு மூன்று வாரங்களில் மூக்குக் குழாயே மேல் என்று ஆராய்ச்சி காட்டியது. மறதிநோய் முற்றிய முதியோர்க்குக் குழாயிடுவதால் ஆயுள் நீள்வதாகவோ நுரையீரல் அழற்சி குறைவதாகவோ தெரியவில்லை. அவர்கட்குப் பொறுமையோடு கையால் ஊட்டுவதே சிறந்தது என்று முதுமை மருத்துவர் கூறுகின்றனர். குழாயிடும்முன் குடும்பத்தார் கேட்க வேண்டிய கேள்வி, ‘இட முடியுமா?’ என்பதன்று, ‘இட்டால் இவருக்கு என்ன கிடைக்கும்?’ என்பதே.

எங்கள் வீட்டிலும் அக்கேள்வி எழுந்தது. காய்ச்சல் தணிந்து, ஒரு மாதம் கடந்தும் விழுங்கல் திரும்பாதபோது மருத்துவர் பெக் குழாயைச் சொன்னார். பெரியம்மா ஒப்பவில்லை. “ஏலே, வாயிருக்கிற மனுசனுக்கு வயித்துல ஓட்டையா? நான் ஊட்டி விட்டா அவுக சாப்பிட மாட்டாகளா?” என்று அழுதார்கள். நாற்பதாண்டு கையால் பரிமாறியவரின் துயரத்துக்குப் புவாசேய் விதியைச் சொல்லியா விடை தர முடியும்? மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்: “வாயை மூடுவதற்காக இது இல்லை, அம்மா. வாய் தேறுகிற வரைக்கும் உடம்பு தாங்க வேண்டும். தேறிவிட்டால் குழாயை எடுத்துவிடலாம். துளை தானே மூடிக்கொள்ளும்.” அதன்பின் பெரியம்மா தலையசைத்தார்கள்.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. பெரியப்பாவின் உடல் தேறியிருக்கிறது. விழுங்கற் பயிற்சி தருபவர் சோதித்துப் பார்த்து, மோவாயை மார்புப் பக்கம் தாழ்த்தி உட்காரவைத்து, கெட்டியான கூழ் நாளைக்கு ஐந்து கரண்டி வாயால் தரலாம் என்று அனுமதித்திருக்கிறார். அந்த ஐந்து கரண்டியையும் பெரியம்மாவே ஊட்டுகிறார்கள். வேறு யாரையும் விடுவதில்லை. மற்றவை குழாய் வழியே. அது என் பொறுப்பு. தேநீர் இன்னும் இல்லை. காலையில் நாங்கள் அவர் கண்ணில் படாமல்தான் குடிக்கிறோம்.

நண்பர்களே, நம்மில் பலர் பெற்றோரையும் மூத்தோரையும் உடன் வைத்திருக்கிறோம்; விடுதியில் இருப்போர்க்கும் ஊரில் அவர்கள் உண்டு. பக்கவாதம் கண்டவர்க்கு விழுங்கலைச் சோதிக்காமல் ஒரு சொட்டு நீரும் கொடுக்காதீர்கள். சோதித்தாயிற்றா என்று மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டா. நான் கேட்கவில்லை, அதன் விலையை என் பெரியப்பாவின் நுரையீரல் கொடுத்தது. இக்கட்டுரையைப் படித்த ஒருவரேனும் அந்தக் கரண்டியை ஒரு கணம் நிறுத்திக் கேட்பாராயின், நான் நூலகத்தில் கழித்த பொழுது வீணாகாது.